குளிர்காய விறகு பிளக்க எது தோது: கோடாலியா, கைக்கோடாலியா, கொடுவாளா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் மாந்தோப்புக்கு பெங்களூரிலிருந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கிருஷ்ணகிரியில் தளி, தேன்கனிக்கோட்டை அளவுக்குக் குளிர் கிடையாது. இருந்தாலும் அவர்களுக்கு 'கேம்ப் ஃபயர்' வேண்டும். அம்மா அதைக் குளிர்காய்வது என்பார். பெயர் எதுவானாலும் விறகு பிளப்பது என் தலையில்தான் விழும். எதை வைத்துப் பிளப்பது என்ற சண்டையும் வருஷா வருஷம் உண்டு.

கருவியைப் பேசுவதற்கு முன் விறகைப் பேச வேண்டும். அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் கவாத்து செய்த மாங்கிளை மார்கழிக்குள் நன்றாகக் காய்ந்திருக்கும். கவையும் கணுவும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். வேலிக்காத்தான் வேறு சாதி. கோணல், முள், இரும்பு மாதிரி கெட்டி. ஆனால் அதன் தணல் விடியும்வரை நிற்கும். தைலமரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காயவிட்டால் கோடாலி துள்ளித் திரும்பும். புளியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது தனிக்கதை.

இன்னொன்று, பத்துப் பேர் சுற்றி உட்காரும் நெருப்புக்குக் கல்யாண விறகு தேவையில்லை. முழ நீளத்தில், மணிக்கட்டுப் பருமனில் இருபது முப்பது துண்டு, பற்றவைக்க விரல் பருமனில் ஒரு கை சிம்பு, அவ்வளவுதான். சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் பெரிய கட்டையை மனதில் வைத்தே போடுகிறார்கள்.

முதலில் நீளக்காம்புக் கோடாலி. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது என்னிடம் இருக்கிறது. தலை ஒன்றரைக் கிலோ, காம்பு இரண்டரை அடி. நெஞ்சளவு சுற்றுள்ள மாங்கட்டைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கோடாலியின் எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. நீளக் காம்பு கொடுப்பது அந்த வேகத்தைத்தான். வாங்கும்போது கன்னத்தை, அதாவது தலையின் வாய்க்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டைப் பாருங்கள். கன்னம் ஒட்டியிருந்தால் அது மரம் வெட்டும் கோடாலி, விறகில் இறங்கி மாட்டிக்கொள்ளும். கன்னம் உப்பியிருந்தால் இறங்கும்போதே கட்டையை இரண்டு பக்கமும் தள்ளும். நட்டநடுவில் போடாமல் ஓரத்தில் போடுங்கள், ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அதன் மேலேயே போடுங்கள்.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, குழந்தைகள் ஓடும் இடத்தில், ஆளுயரத்துக்குக் கோடாலியை ஓங்குவது எனக்குப் பிடிக்காத வேலை. அதோடு, முழ நீளத் துண்டைப் பாதியாகப் பிளக்கும்வரை சரி. அந்தப் பாதியை மறுபடி பிளக்க நிறுத்தினால் நிற்காமல் சாயும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் நீளக் கோடாலியைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரல்களையும் பார்த்திருக்கிறேன். கடைகளில் மூன்று கிலோத் தலையோடு 'ஸ்பிளிட்டிங் மால்' என்று ஒன்று வருகிறது. வருஷம் முழுக்க விறகு அடுப்பு எரிக்கும் வீட்டுக்கு அது சரி, ஒரு ராத்திரி நெருப்புக்கு வேண்டாம்.

அப்புறம் கைக்கோடாலி. சித்தப்பா மகன் இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்தான். தோல் உறையெல்லாம் போட்டு, பார்க்க அழகு. "அண்ணா, ஒரே போடு, பாருங்க" என்றான். மூன்றாவது போட்டில் தலை கழன்று, கிணற்று மேட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆளில்லை. காம்பு மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகும் என்று பக்கத்துத் தோப்புப் பெரியவர் சொன்னார். இறுகியது. நாலு நாள் வெயிலில் முன்னைவிட அதிகமாக ஆடியது. ஊறும்போது நார் உப்பி இரும்போடு நசுங்குகிறது, காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துப்போகிறது. ஆப்பு அடித்து இறுக்குவதுதான் சரியான வழி. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் செய்வதுபோலக் காம்பையே தலையைச் சுற்றி வார்த்தெடுத்த வகை இருக்கிறது. 1649இல் தொடங்கிய இரும்பாலை அது. அவர்களுடைய எக்ஸ்7 பதினான்கு அங்குல நீளம், தலை கழலும் பேச்சு இல்லை.

காம்பு கழலாவிட்டாலும் கைக்கோடாலியில் ஓர் ஆபத்து மிச்சம். நீளக் கோடாலி குறி தப்பினால் பெரும்பாலும் தரையிலோ அடிக்கட்டையிலோ போய் இறங்கும். குட்டைக் கோடாலி குறி தப்பினால் வளைந்து வந்து உங்கள் முழங்காலில் நிற்கும். சின்னதுதானே என்று அலட்சியமாகப் பிடிக்கிறோம், சின்னதுதான் காலைத் தேடுகிறது. மண்டியிட்டு, முன்னால் ஓர் அடிக்கட்டை போட்டுக்கொண்டு பிளந்தால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும்.

நான் கடைசியில் வந்து நின்றது கொடுவாளிடம். ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர்கள் மச்சு என்பார்கள். என்னுடையது பட்டறையில் கண்முன்னே அடித்தது. லாரியின் கமான் பட்டையை உலையில் வைத்து, நீட்டி, முதுகைக் கால் அங்குலத் தடிமனுக்கு விட்டுவிட்டு வாயை மட்டும் தட்டி எடுத்தார் ஆசாரி. "கமான் பட்டைப்பா, உன் பேரனுக்கும் வரும்" என்றார். இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 2172 வரை போனதாக 2022இல் அரசு அறிவித்தது. அதற்கும் என் கொடுவாளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். அது ஏதோ ஒரு லாரியின் முதுகெலும்பு.

கொடுவாளை ஓங்கிப் பிளப்பதாக இருந்தால் இந்தப் போட்டியிலேயே சேர்க்கமாட்டேன். அது கிளை கழிக்கும் கருவி. நான் ஓங்குவதில்லை. துண்டை அடிக்கட்டையில் நிறுத்தி, வாயை அதன் தலையில் குறுக்கே வைத்து, முதுகில் ஒரு புளியங்கட்டையால் தட்டுகிறேன். முதல் தட்டில் வாய் பதியும். அதற்கப்புறம் கை எடுத்தாலும் அது அங்கேயே நிற்கும். இரண்டாவது தட்டில் 'கிர்' என்று ஒரு சத்தம், கோடு போட்ட மாதிரி ஒரு வெடிப்பு அடிவரை ஓடும். மூன்றாவதில் இரண்டு பக்கமும் விழும், உள்ளே மாம்பிசின் வாசனை. வைத்த இடத்தில்தான் பிளக்கும் என்பதால் விரல் பருமனுக்குச் சிம்பு சீவ இதற்கு ஈடு இல்லை. தட்டும் கை வேறு, வாயிருக்கும் இடம் வேறு. பன்னிரண்டு வயதுப் பையனிடம்கூடப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கலாம்.

வளைந்த மூக்கு வேலிக்காத்தான் கிளையை முள் படாமல் இழுக்க உதவும். ஆனால் பிளக்கும்போது அந்த மூக்குதான் முதலில் தரையைத் தொடும், கல்லில் பட்டுப் பல் விழும். விறகுக்கு மட்டும் என்றால் மூக்கு குறைத்து அடிக்கச் சொல்லுங்கள். கட்டை இரண்டு கைப்பிடிக்கு மேல் பருத்தால் கொடுவாள் மூச்சுவாங்கும், கோடாலியைக் கூப்பிட வேண்டியதுதான். இதே முறையில் கத்தியால் பிளக்கும் படங்கள் நிறைய வருகின்றன. சமையல் கத்தியில் முயன்றால் கத்தி போகும்.

புளிக்கு வருகிறேன். காற்றில் விழுந்த சாலையோரப் புளியின் அடித்துண்டு ஒன்று ஒரு வருஷம் தோப்பில் கிடந்தது. நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மரம், கோடாலி இறங்கினால் திரும்பி வராது. இரும்பு ஆப்பு இரண்டும் சம்மட்டியும்தான் வழி. ஒன்றை அடித்து, வெடிப்பு விட்ட இடத்தில் அடுத்ததை அடித்து, முதலாவதைக் கழற்றி மேலே போக வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்தவர்கள் கழற்றும்போது கையை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொள்ளலாம். ஆப்பைக் கோடாலியின் பின்மண்டையால் அடிக்காதீர்கள், காம்பு நுழையும் ஓட்டை விரிந்து கோடாலியே வீணாகும். பாதி நாள் பிளந்தோம். அன்றைக்கு யாரும் குளிர்காயவில்லை, வேர்வை காயவே நேரமில்லை.

இதெல்லாம் சொந்தத் தோப்பில், பட்டா நிலத்தில். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காப்புக்காட்டுக்குள் போய் விறகு வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெட்டரை எடுத்துப் போங்கள்.

கொடுவாளுக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு குறை உண்டு. அது கார் டிக்கியில் போகும்போது விறகுக் கருவியாகத் தெரியாது. 2021இல் ரவுடிகள் வேட்டையின்போது, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் காவல்துறை சொல்லியிருந்தது. சோதனைச் சாவடியில் சாக்கைப் பிரித்தால், மாங்கிளை, சிம்பு என்று எத்தனை விளக்கினாலும் ஒரு மணி நேரம் போகும். ஆகவே கொடுவாள் தோப்பு மோட்டார் ரூமை விட்டு நகர்வதில்லை. வெளியூர் போகும்போது டிக்கியில் கிடப்பது, புதுக்காம்பு போட்டு ஆப்பு இறுக்கிய அந்தத் தம்பியின் கைக்கோடாலிதான். உறையும் இருக்கிறது, பார்க்கவும் அழகு.