மணலில் ஓடும் ஆர்சி கார்: மோட்டாருக்கு உறையா, காருக்கே மூடியா, சீல் செய்த மோட்டாரா?

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆர்சி காரையும் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்) பையில் போட்டுக்கொண்டுதான் போவேன். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் குதிரைமொழித் தேரி, பொடிப் பொடியான செம்மணல். இன்னொரு பக்கம் கடல், உப்பும் கருமணலும் கலந்த மணல். மோட்டாரைக் கொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நாலு வருஷத்தில் மூன்று மோட்டார் போய்விட்டது, மூன்றும் மூன்று விதமாக. அதில் ஒன்றைக் கொன்றது மணல் இல்லை, மணலுக்குப் பயந்து நான் மாட்டிய உறை.

முதலில் காரைக் கவிழ்த்து என்ன மோட்டார் என்று பாருங்கள். டாமியா கம்பெனி கார் கிட்டுகளில் வரும் வெள்ளி நிற 540 சைஸ் மாதிரி சாதா பிரஷ் மோட்டார் என்றால் டப்பாவில் ஓட்டைகள் இருக்கும். அதன்மேல் டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அவை சும்மா விட்ட ஓட்டைகள் இல்லை. உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேயத் தேயக் கரித்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும், அதுவும் சூடும் வெளியே போக அதுதான் வழி. அதே வழியாகத்தான் மணலும் உள்ளே வருகிறது. பிரஷுக்கும், அது உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டருக்கும் நடுவில் நாலு மணல் மணி சிக்கினால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி செம்பில் கோடு விழும். போதாததற்கு இந்த வகை மோட்டாரில் ஷாஃப்ட் பெரும்பாலும் பேரிங்கில் இல்லாமல் எண்ணெய் ஊறிய உலோக வளையமான புஷ்ஷில்தான் சுற்றும், அந்த எண்ணெயே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் முதல் மோட்டார் போனது அப்படித்தான். ஷாஃப்டைப் பிடித்தால் விழப்போகும் பல் மாதிரி ஆடியது, பினியன் (ஷாஃப்டில் மாட்டிய சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியரை (அது சுழற்றுகிற பெரிய பல்சக்கரம்) மென்று துப்ப ஆரம்பித்தது.

சரி, உறை போடலாம் என்று இறங்கினேன். வீட்டில் கிடைத்தது கொசுவலை. இது வேலைக்கே ஆகாது. வலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், மணலோ பெரும்பாலும் கால், அரை மில்லிமீட்டர். பெரிய கல்லையும் சருகையும் தடுக்கும், மோட்டாரைத் தேய்க்கிற பொடி தாராளமாக உள்ளே போகும். அடுத்து, பெண்கள் செருப்போடு போடுகிற தோல் நிற மெல்லிய நைலான் சாக்ஸ். விலை டீ, வடைக் காசுதான், ஆனால் கொசுவலைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மோட்டாரை அதற்குள் நுழைத்து, பினியன் பக்கம் துணி சுற்றிக்கொள்ளாதபடி இழுத்து ஒரு கேபிள் டை போட்டால் போதும். ஒரு அடுக்குதான். பாதுகாப்புக்கு இன்னொன்று என்று இரண்டாவதை மாட்டாதீர்கள்.

ஏன் என்றால், இரண்டாவது மோட்டார் கதை அதுதான். 550 சைஸ், உள்ளேயே விசிறி உள்ள பிரஷ் மோட்டார். அதற்கு நுரை ரப்பரில் கெட்டியான உறை ஒன்றைத் தைத்து மாட்டினேன், ஒரு மணல்கூட உள்ளே போகவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் சுருள் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை. விசிறிக்குக் காற்று இழுக்க வழியில்லாமல் உள்ளே இருந்த சூட்டையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறது.

தார் ரோட்டில் இதே உறை இவ்வளவு சீக்கிரம் காவு வாங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மணலில் டயர் புதையும், மோட்டார் திணறும், கரண்ட் ஏறும். சுருளில் பிறக்கிற சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், கரண்ட் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டே கால் மடங்கு. ஆக, எந்த இடத்தில் மோட்டாருக்குக் காற்று அதிகம் வேண்டுமோ அந்த இடத்தில்தான் நாம் போர்வை போர்த்துகிறோம். உறை போட்டே ஆக வேண்டும் என்றால் கூடவே பினியனை ஒன்றிரண்டு பல் குறைத்துவிடுங்கள், டாப் ஸ்பீடு கொஞ்சம் போகும், மோட்டார் தங்கும். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொட்டுப் பார்க்க வேண்டும், விரலை வைத்து மூன்று நொடி தாங்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அதோடு போதும்.

கார் முழுவதற்கும் மூடி என்பது வேறு கணக்கு. பாடிக்கும் அடித்தட்டான சேசிஸுக்கும் நடுவில் மெல்லிய, காற்று போகிற துணியைக் கட்டி, பேட்டரி, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற மின்னணுக் கருவி), மோட்டார் எல்லாவற்றையும் ஒரு கூடாரத்துக்குள் வைப்பது. டிராக்ஸாஸ் ஸ்லாஷ் மாதிரி பிரபலமான கார்களுக்கு அவுட்டர்வேர்ஸ் போன்றவர்கள் அளவெடுத்துத் தைத்தே விற்கிறார்கள், நம் ஊரில் வரவழைத்தால் காரில் பாதி விலை சொல்வார்களோ என்று பயமாக இருக்கும். நான் பழைய குடைத் துணியில் முயன்றேன், அது மழைக்கு நெய்தது, காற்றே விடாது, தப்பு. பிறகு மெல்லிய பாலியஸ்டர் துப்பட்டா ஒன்று கிடைத்தது, ஓரத்தில் வெல்க்ரோ வைத்துத் தெருமுனை டெய்லரிடம் தைத்து வாங்கினேன். (எதற்கு என்று கேட்டார், சொன்னேன், அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.)

மோட்டார் உறையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எனக்குப் பிடிக்கக் காரணம், துணி மோட்டாரைத் தொடுவதில்லை. சூடு முதலில் கூடாரத்துக்குள் இருக்கிற காற்றில் பரவுகிறது, பிறகு பெரிய பரப்பு வழியாக வெளியேறுகிறது. அதே மோட்டார், அதே பேட்டரியில் சாக்ஸ் போட்டபோது இருந்ததைவிடத் தொட்டால் சூடு குறைவாகவே தெரிந்தது. டயர் வாரி இறைக்கிற மணல் ஈஎஸ்சி விசிறியிலும் விழாது, அது கூடுதல் லாபம். குறை என்னவென்றால் உள்ளே புகுந்த கொஞ்சம் மணலும் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். ஒவ்வொரு பேட்டரி தீரும்போதும் துணியைப் பிரித்து உதற வேண்டும், சோம்பேறிகளுக்கு இது ஒத்துவராது.

இப்போது சீல் செய்த பிரஷ்லெஸ். பிரஷ் இல்லை, கரித்தூள் இல்லை, அதனால் ஓட்டை வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 3650, 3660 என்று எண் போட்டு வருகிற மூடிய டப்பா மோட்டார்களில் (36 விட்டம், அடுத்தது நீளம், மில்லிமீட்டரில்) தேய்வது பேரிங் மட்டும்தான். மணலுக்கு இதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிரஷ்லெஸ் என்று எழுதியிருந்தாலே மூடிய மோட்டார் என்று அர்த்தமில்லை. பந்தயத்துக்குச் செய்த சில மோட்டார்களில் குளிர்ச்சிக்காக முன்னும் பின்னும் பெரிய வாசல்கள் இருக்கும். ஹெலிகாப்டர், டிரோன் வகையில் வெளிக்கூடே சுற்றுகிற மோட்டார்கள் மணலுக்குத் தலைவாசல் திறந்து வைத்த வீடு. சென்சார் ஒயர் மாட்டும் துளையைப் பயன்படுத்தவில்லை என்றால் அதை அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது மோட்டார் அப்படி வாசல் வைத்த பிரஷ்லெஸ்தான். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் புரட்டி மீசை மீசையாகக் கருப்புத் தூள் பிடிப்போமே, அதே விளையாட்டைத்தான் அது கடற்கரையில் விளையாடியது. தென்கடற்கரை மணலில் இல்மனைட் ஏராளம், மேக்னடைட்டும் கொஞ்சம் உண்டு, மோட்டாருக்குள் சுற்றுகிற ரோட்டரில் இருப்பதோ வலுவான நியோடிமியம் காந்தம். சாதா மணல் உள்ளே போனால் ஊதினால் வரும், கருமணல் வராது, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். ரோட்டருக்கும், அதைச் சுற்றி அசையாமல் இருக்கிற ஸ்டேட்டருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, இரண்டு தூள் சேர்ந்தால் உரசல். கரகரவென்று சத்தம் வந்தும் இன்னொரு ரவுண்டு என்று ஓட்டினேன், காந்தம் சூடாகிச் சக்தி இழந்துவிட்டது. சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதைத் தாண்டினால் மோட்டார் சும்மா சுற்றும்போது முன்னைவிட வேகமாகவே சுற்றும், ஆனால் இழுவை இருக்காது, சீக்கிரம் சுடும். சரியாகிவிட்டது போல என்று நான் ஏமாந்தது அந்த வேகத்தைப் பார்த்துத்தான். சூடாவதற்கு முன்னால் ரோட்டரைக் கழற்றி செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்திருந்தால் அந்தத் தூள் முழுக்க வந்திருக்கும்.

பேரிங்கில் இரும்புத் தகடு மூடியதும் உண்டு, ரப்பர் மூடியதும் உண்டு. தகடு உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி இருக்கும், மணலுக்கு அது போதும். ரப்பர் தொட்டுக்கொண்டிருக்கும், சுற்ற ஒரு துளி கனமாக இருக்கும், மணலுக்கு அதுதான். பெட்டியோடு வந்த பேரிங் தகடு என்றால் அதே அளவில் ரப்பருக்கு மாற்றுங்கள், வேகத்தைக் கொஞ்சம் தாங்குகிற நல்ல ரகமாகப் பார்த்து. வெளியே தெரிகிற பினியனுக்கும் ஸ்பருக்கும் கிரீஸ் தடவாதீர்கள், தடவினால் அரைக்கிற பேஸ்ட் தயார்.

சுத்தம் செய்வதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பஞ்சர் கடையில் காற்று பிடிக்கலாமே என்று நிறைய பேர் மோட்டாரை நீட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தில் மணல் பேரிங்குக்குள்தான் ஏறும், கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரும் கூடவே வரும். பழைய பெயின்ட் பிரஷால் தட்டி, கையால் அமுக்குகிற ஊதியால் ஊதினாலே போதும். கடற்கரைக்குப் போன அன்று மட்டும் உப்புப் போக ஈரத் துணியால் துடைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய்.

இப்போது என் காரில் மூடிய 3660 மோட்டார், ரப்பர் பேரிங், மேலே அந்தத் துப்பட்டாக் கூடாரம், மோட்டாருக்கென்று தனி உறை கிடையாது. அக்கா மகன் வைத்திருப்பது வெள்ளி 540. அவனுக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுக்கிற நிலையில் இப்போது நான் இல்லை, அதனால் ஒற்றை நைலான் சாக்ஸ், சின்ன பினியன், பத்து நிமிஷக் கணக்கு. அவன் மோட்டார் ஒன்றரை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடிக் காற்றில் தேரி பறக்கும்போது மட்டும் இது எதையும் நாங்கள் சோதித்துப் பார்த்ததில்லை, அந்த மாதம் இரண்டு காரும் பரணில்தான் இருக்கும்.