கெயினை முழுக்கத் திருகிவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லும் கடை

மதுராந்தகத்தைத் தாண்டும்போது காருக்குள் அரக்கு கருகுவது போல ஒரு வாசனை வந்தது. ஏசியில்தான் ஏதோ கோளாறு என்று வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. வாசனை வந்தது இடது கதவிலிருந்து. அதில் இருந்தவை, பொருத்தி ஒன்பதே நாள் ஆன ஸ்பீக்கரும், கீச்சு ஒலிக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும்.

வாங்கியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள ஒரு கடையில். ஸ்பீக்கர் செட் 9,500 ரூபாய், நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் 14,000 ரூபாய், பொருத்துக்கூலி 2,500 ரூபாய். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் '350 வாட்ஸ்' என்று உள்ளங்கை அளவு எழுத்தில் போட்டிருந்தது. அடியில், கண்ணாடி போட்டால் மட்டுமே தெரியும் எழுத்தில் 'ஆர்எம்எஸ் 60 வாட்ஸ்'. தொடர்ந்து தாங்கக்கூடியது இந்த இரண்டாவது எண்தான். அதைக் கடைக்காரர் வாயே திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் கடைப் பையன் ஒரு பென்டிரைவைச் செருகினான். திம் திம் என்று அதிரும் ஏதோ ஒரு பாட்டு. பின்னால் குனிந்து, சின்னத் திருப்புளியால் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு திருகுகளையும் கடைசிவரை திருப்பினான். ஒன்று கெயின், இன்னொன்று அடிநாதத்தைக் கூட்டும் பேஸ் பூஸ்ட். கண்ணாடியெல்லாம் நடுங்கியது. "எப்படி சார்?" என்றான். நான் அசடு போலத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மாமனாருக்காக நாதஸ்வரம் போட்டபோதே விழித்திருக்க வேண்டும். சீவாளி கிழிந்தது போல ஒரு கரகரப்பு. "ரெக்கார்டிங் பழசு" என்று நானே சமாதானம் சொன்னேன். அதிரடிப் பாட்டில் சிதைவு தெரியாது. நாதஸ்வரத்திலும் தனிக்குரலிலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். கடையில் அவர்கள் ஏன் அந்தப் பாட்டையே போடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

எரிந்ததை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், "நீங்கள் சத்தம் அதிகம் வைத்திருப்பீர்கள், காயில் எரிந்தால் வாரண்டி கிடையாது" என்றார்கள். காயில் என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள். கூடவே, "இந்த வண்டிக்கு 100 வாட்ஸ் ஸ்பீக்கர்தான் சரி" என்று அடுத்த பெட்டியை இறக்கி வைத்தார்கள். சத்தமா? நான் 40 வரை போகும் வால்யூமில் 15ஐத் தாண்டியதே இல்லை.

உண்மையைச் சொன்னவர் ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் ஒரு பெரியவர். கூம்பின் நடுவில் இரண்டு கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார்; உள்ளே காயில் சரசரவென்று உரசியது. ட்வீட்டரில் மீட்டரை வைத்தார், முள் அசையவில்லை. நல்ல நான்கு ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கராக இருந்தால் மூன்றரை ஓம் அளவுக்காவது காட்ட வேண்டுமாம். "கெயினை எங்கே வைத்திருந்தார்கள்?" என்றார். சொன்னேன். சிரித்தார்.

கெயின் என்பது வால்யூம் அல்ல, தம்பி, என்று தொடங்கினார். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் எத்தனை வோல்ட்டோ அதற்கு ஆம்ப்ளிஃபயரை இணங்க வைப்பதுதான் அந்தத் திருகின் வேலை. என் ஸ்டீரியோ 4 வோல்ட் வரை தரும். கடைக்காரப் பையன் திருப்பி வைத்திருந்தது 0.2 வோல்ட் முனையில். அதாவது ஸ்டீரியோ தன் பலத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததுமே ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சை எட்டிவிடும். அதற்கு மேல் அலை உயர வழியில்லாமல் தலை மழுங்கிச் சப்பையாகும். முழுக்கச் சப்பையான அலை, அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைக் காயிலில் இறக்கும். 60 வாட்ஸ் தாங்கும் காயிலுக்கு 120. சிதைவில் பிறக்கும் கீச்சு ஒலிகள் எல்லாம் ட்வீட்டருக்குப் போவதால் அதன் மெல்லிய கம்பிக்குத் தனிச் சங்கடம்.

புது ஸ்பீக்கர் வாங்கியபின் (60 வாட்ஸே போதும் என்றார்) ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து அவரே செய்து கொடுத்தார். முதலில் ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றினார். கெயினை அளக்கப் போடும் சோதனை ஒலி ஸ்பீக்கருக்குப் போனால் அதுவே எரித்துவிடும். கெயின் அடிமட்டம், பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் சமம், ஃபில்ட்டர் அணைப்பு. ஸ்டீரியோ வால்யூம் 30, அதாவது முக்கால். பென்டிரைவில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்தார். மலிவான மீட்டர் இந்த அதிர்வெண்ணில் பொய் சொல்லலாம் என்பதால் தன்னுடையதையே கொண்டு வந்திருந்தார். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம். 60ஐ 4ஆல் பெருக்கினால் 240, வர்க்கமூலம் 15.5. மீட்டர் 15.5 காட்டியபோது திருகு கால் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அதன் பிறகு கம்பிகளை மாட்டி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் ஃபில்ட்டரில் தடுத்தார்.

போகிற போக்கில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். செம்புக் கம்பி என்று பில் போட்டிருந்த மின்கம்பியைக் கத்தியால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அந்த பில்லை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டதில் 800 ரூபாய் திரும்பி வந்தது. எனக்குக் கிடைத்த நஷ்டஈடு மொத்தமே அதுதான்.

ஆகவே, கடையில் பணம் கொடுக்கும் முன் "கெயினை மீட்டர் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் பிறகு விசாரித்த மூன்று கடைகளில் இரண்டில் "காதுதான் சார் மீட்டர்" என்றார்கள். உங்கள் பென்டிரைவில் நீங்கள் நன்றாகக் கேட்டுப் பழகிய ஒரு தனிக்குரலைக் கொண்டு போங்கள். அவர்கள் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

என் வண்டியில் இப்போது கெயின் திருகின் மேல் மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருக்கிறது. சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளி இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியை வாங்குகிறேன்.