கான்டெசாவுக்கு முன் ஸ்பாய்லர் பொருத்த நினைப்போர் கவனத்திற்கு

என் தந்தை 1994-இல் வாங்கிய கான்டெசா கிளாசிக் இன்றும் எங்கள் வீட்டில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடலமைப்பைக் கொண்டு உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த வண்டி அது. தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், அதற்குப் பொருந்தும் உதிரி பாகம் இருக்கிறது என்று யாராவது சொன்னாலே நம்மைப் போன்றவர்கள் ஓடிப்போய் நின்றுவிடுகிறோம். சென்ற தை மாதம் நானும் அப்படித்தான் போய் ஏமாந்தேன்.

முன் பம்பருக்குக் கீழே பொருத்தும் ஃபைபர் ஸ்பாய்லர் ஒன்றை 3,500 ரூபாய்க்குத் தருவதாகவும், பொருத்துகூலி 1,500 தனி என்றும் சென்னையில் ஒரு கடைக்காரர் சொன்னார். “கான்டெசாவுக்குன்னே எடுத்த மோல்டு சார், அப்படியே உட்காரும்” என்று உறுதியும் கூறினார். வேறு காருக்குச் செய்த மலிவான ஸ்பாய்லரை வெட்டி, அகலப்படுத்தி, பழைய வண்டிக்கு ஏற்றபடி மாற்றுவது தவறான வேலையே அல்ல. பொறுமையும் கைத்திறனும் உள்ளவர்கள் அதை அழகாகச் செய்கிறார்கள். அதை மறைத்து, கான்டெசாவின் அச்சிலேயே வார்த்தது என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

பெயின்ட் அடித்து மாட்டியபோது பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது இடப்பக்க டயர் ஸ்பாய்லரின் முனையில் உரசியது. “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்கள் கடையில். சித்திரையில் குடும்பத்தோடு விழுப்புரம் போகும் வழியில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடையில் அடி தட்டி, ஸ்பாய்லர் நடுவில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி தரையில் இழுபட்டது. காரின் அடியில் புகும் காற்றைக் குறைத்து, வேகத்தில் முன்பகுதி தரையை விட்டுத் தூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்பாய்லரின் வேலை. ஆகவே ஓடும் வேகத்தில் காற்றின் முழு அழுத்தமும் அதன் மீது விழும். நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் அது பிய்ந்து முன்சக்கரத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. பின் இருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

சாலையோரம் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. உடைந்த விளிம்பில் எங்கள் வண்டியின் வெள்ளை நிறத்துக்கு அடியில் பழைய சிவப்புப் பெயின்ட் அடுக்கு ஒன்று இருந்தது. அகலம் குறைந்த ஏதோவொரு காரின் ஸ்பாய்லரை நடுவில் அறுத்து, நான்கு விரல் அகலத்துக்கு அலுமினியப் பட்டை ஒன்றை வைத்து ரிவெட் அடித்து, மேலே கனமாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசித் தேய்த்திருந்தார்கள். இணைப்பின் பின்புறத்தைச் சரிவாகத் தேய்த்து, ரெசின் என்ற பிசினில் நனைத்த ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) இரண்டு மூன்று அடுக்காகப் படிய வைத்திருக்க வேண்டும். அதுதான் வலுத் தரும். பட்டி மேடு பள்ளத்தை நிரவுமே தவிர, பாரம் தாங்காது.

என்னை அதைவிட அதிகமாக வேதனைப்படுத்தியது வண்டியின் தகட்டுக்கு நேர்ந்த கதிதான். முன் ஏப்ரனில், அதாவது பம்பருக்குக் கீழே உள்ள தகட்டில், பதினொரு துளைகள் போட்டிருந்தார்கள். அவற்றில் நான்கு, ஸ்பாய்லர் பொருந்தாததால் இடம் மாற்றிப் போட்டவை. ஒன்றிலாவது பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) தொட்ட அடையாளம் இல்லை. மூன்றே மாதத்தில் எல்லாத் துளைகளின் ஓரத்திலும் துரு பிடித்திருந்தது. முப்பது ஆண்டுகள் துருப்பிடிக்காமல் காத்த தகடு அது. அதை வெட்டி வெல்டு வைத்துப் பெயின்ட் அடிக்க 11,000 ரூபாய் செலவானது.

யாராவது இத்தகைய ஸ்பாய்லரை வாங்குவதாக இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். ஃபைபர் மேட்டின் இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். ஒரு துளைகூடப் போடுவதற்கு முன், டேப் ஒட்டி வண்டியில் நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாக ஒடித்துப் பாருங்கள். போடும் துளைகளுக்கு உடனே பிரைமர் அடித்து, ரிவெட்டுக்குப் பதிலாக அகல வாஷரும் ரப்பரும் வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த ரசீதைத் தவிர என்னிடம் முறையான பில் இல்லை. அதைக் கேட்டு வாங்காதது என் தவறு. இருந்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. அதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். உடைந்த இரு துண்டுகளையும், அந்தச் சிவப்பு அடுக்கு உதிராதபடி, சாக்கில் சுற்றி மாடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.