கடைசிப் பாட்டைக் கேட்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்: காரைக்குடியில் 'சர்வீஸ்' செய்த ரெக்கார்டு பிளேயர்

காரைக்குடிப் பக்கம் பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்க வருகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

வாங்கியது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 42,000 ரூபாய். புது ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாட்டி அலைன்மெண்ட் (ஊசியின் இடமும் கோணமும்) பார்த்ததற்குக் கூலி 3,500. கார்ட்ரிட்ஜ் விலை தனி. பில்லில் 'ஃபுல் சர்வீஸ்' என்று இரண்டே சொல். "செட்டியார் வீட்டுச் சாமான் அண்ணே, நீங்க கையே வைக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கடையில் போட்டுக் காட்டிய முதல் பாட்டு சுத்தமாக இருந்தது. வீட்டில் அதே ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் கடுகு பொரிகிற சத்தம்.

பிளேயரின் கை (டோன் ஆர்ம்) முனையில் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. இந்த மாடலில் ஹெட்ஷெல்லின் பின்பக்க ரப்பர் வாஷரிலிருந்து ஊசி நுனி வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் ஊசி, ரெக்கார்டின் துளை நுழையும் நடுக் குச்சியான ஸ்பிண்டிலைத் தாண்டி 15 மி.மீ. போய் நிற்கும். இதில் இருந்தது 47. கார்ட்ரிட்ஜைப் பின்னால் தள்ளி, கண்ணளவில் முடுக்கியிருக்கிறார்கள்.

வெறும் 5 மி.மீ. தானே என்று விட முடியாது. கணக்குப் போட்டால், தட்டின் வெளி ஓரத்தில் ஊசியின் கோணப் பிழை, அதாவது பள்ளத்தின் போக்கிலிருந்து அது விலகுவது, சுமார் 1 டிகிரிதான். உள்ளே, நடுவிலிருந்து 60 மி.மீ. தூரத்துக்கு வரும்போது அது கிட்டத்தட்ட 5 டிகிரி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் பள்ளம் ஊசியின் அடியில் நகரும் வேகமும் குறைவு: வெளி ஓரத்தில் நொடிக்கு 51 செ.மீ., உள்ளே 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பதிந்திருக்கும்போது கோணப் பிழையும் சேர்ந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். கடையில் முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டினால் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

இதைவிட மோசம், ஹெட்ஷெல்லின் மேல் இருபக்க டேப்பில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயம். மேலே கறுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். கை நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேட்டை முழுக்கத் திருகி வைத்திருந்ததால் கை வெளிப்பக்கம் இழுத்து, ஊசி ஒரே வரியில் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கும். அதை அடக்க நாணயம். ஊசி தட்டை அழுத்தும் எடை, கையின் பின்முனையிலுள்ள கவுண்டர் வெயிட்டின் டயலில் 2 கிராம் காட்டியது, ஊசி எடை கேஜ் என்ற சின்னத் தராசில் 5.6. இந்த கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரைதான். கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டை உரசாத குறையாக இறங்கியிருந்தது. இப்படி ஓட்டினால் ஊசி போவது ஒரு பக்கம். பள்ளத்தின் சுவர் தேய்ந்த ரெக்கார்டை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

கார்ட்ரிட்ஜின் பின்னால் வரும் நான்கு வயர்களையும் பாருங்கள். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். இதில் நீலமும் வெள்ளையும் இடம் மாறியிருந்தன. ஆம்பிளிஃபயரில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனை அழுத்தினால் பாடகர் குரல் அமுங்கிப் போகும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரிசெய்ய அரை மணி நேரம் போதும். நாணயத்தை எடுத்துவிட்டு, ஆன்டிஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, கவுண்டர் வெயிட்டைத் திருகிக் கை அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பிறகு டயலை மட்டும் பூஜ்யமாக்கி, வெயிட்டை 2 கிராமுக்குத் திருகுங்கள். எடையை முதலில் வைத்துவிடுங்கள். எடை மாறினால் ஊசியின் தண்டு அமிழ்ந்து நுனி நகரும். அதன்பின் கார்ட்ரிட்ஜ் திருகுகளை லேசாகத் தளர்த்தி 52 மி.மீ. அளவில் வையுங்கள், அல்லது நடுவிலிருந்து 66, 120.9 மி.மீ. தூரத்தில் புள்ளிகள் உள்ள புரொட்ராக்டர் (கோணம் பார்க்கும்) தாளை வைத்துச் சரிசெய்யுங்கள். இரண்டு புள்ளியிலும் ஊசித்தண்டு கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். 52 மி.மீ. அளவும் இந்தத் தாளும் வெவ்வேறு கணக்கு என்பதால் மில்லிமீட்டர் அளவில் வித்தியாசம் வரும். ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். ஜெராக்ஸ் கடையில் தாளைப் பிரிண்ட் எடுத்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். திருகை முடுக்கும்போது கார்ட்ரிட்ஜ் சற்றுத் திரும்பும், அதனால் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்குங்கள். கடைசியாக எடையை மறுபடி பார்த்து, ஆன்டிஸ்கேட் 2. எங்களுக்கு ஊசியும் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. 'சும்மா வச்சுக்குங்க' என்று ஒரு கட்டு 78 வேகத் தட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த ஊரில் அவற்றுக்குக் குறைவில்லை, காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பனே சினிமாவுக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். ஆனால் எம்கே2வில் 33⅓, 45 இரண்டு வேகம்தான். 78க்கு ஊசியும் வேறு, எல்பி (33⅓ வேகத் தட்டு) ஊசியைவிட நான்கு மடங்குக்கு மேல் தடிமன். எல்பி ஊசியை அதில் இறக்காதீர்கள்.

பழைய சாமான் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவிலோ ஊரில் வேறெங்கோ எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. போகும்போது ஊசி எடை கேஜும் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு எல்பியும் கொண்டு போங்கள். கேஜில் எடையைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் எல்பியை வைக்கச் சொல்ல வேண்டும், கடைசிப் பாட்டிலிருந்து. பில்லில் கார்ட்ரிட்ஜ் பெயர், ஊசி எடை, 52 மி.மீ. அளவு மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அலைன்மெண்ட் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.