4,750 ரூபாய்க்கு ஒரு கள்ள டிவிடி: பழைய ராக் கச்சேரி வீடியோ வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு டிவிடிக்கு 4,750 ரூபாய் கொடுத்திருக்கிறேன், வந்து சேர்ந்தது வீட்டில் யாரோ காப்பி போட்ட டிஸ்க். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. பழைய இசைத்தட்டு, கேசட், டிவிடி எல்லாம் விற்கும் ஆன்லைன் கடை அது, சொந்தமாக வெப்சைட் கிடையாது, சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கமும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும்தான் மொத்தக் கடையும். இந்த மாதிரி இடங்களில் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் முழுசாகப் படியுங்கள், ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வாங்கியது டீப் பர்ப்பிள் குழுவின் 1993 பர்மிங்காம் கச்சேரி வீடியோ, 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்'. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1968-ல் இங்கிலாந்தில் தொடங்கிய குழு. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததைப் பதிவு செய்து போட்ட இரட்டை ஆல்பத்தை இன்றைக்கும் மேடைப் பதிவு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவார்கள். அப்புறம் ஆள் மாறி, சண்டை போட்டு, 1976-ல் கலைந்து, 1984-ல் பழைய ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். பாடகர் இயன் கில்லனுக்கும் கிடார் ரிச்சி பிளாக்மோருக்கும் ஒத்தே போகாது. கில்லனை நடுவில் வெளியே அனுப்பி, 25-வது ஆண்டு வருகிறது என்று திரும்பக் கூட்டிவந்து, 1993-ல் புது ஆல்பமும் போட்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். அந்தச் சுற்றில் நவம்பர் 9-ம் தேதி பர்மிங்காம் என்இசி அரங்கில் படம் பிடித்ததுதான் இந்த வீடியோ.

படம் பிடித்த அன்றைக்குத்தான் எல்லாம் வெடித்தது. முதல் பாட்டு 'ஹைவே ஸ்டார்' தொடங்கிவிட்டது, கிடார்காரரைக் காணவில்லை. மற்ற நாலு பேரும் அவர் இல்லாமலே ஓட்டுகிறார்கள். கிடார் மட்டும் தனியாக வாசிக்கும் சோலோ வரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தவர், மேடையில் நின்ற கேமராக்காரரைப் பார்த்து எரிச்சலாகித் தண்ணீரை வீசிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம், நவம்பர் 17, ஹெல்சிங்கியில் வாசித்ததோடு குழுவை விட்டே விலகினார். டிசம்பரில் ஜப்பானுக்குக் கிடார் வாசிக்க ஜோ சாட்ரியானியை வைத்துக்கொண்டு போனார்கள், 1994-ல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார், அது வேறு கதை.

கச்சேரியாகப் பார்த்தால் இது சுமார்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கில்லனின் குரல் 1972-ல் ஏறிய இடத்துக்கு ஏறவில்லை, நடுநடுவே பேட்டிகளைச் செருகி ஓட்டத்தையே கெடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் ஐந்து பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாசிப்பதைக் காசு கொடுத்து எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். நல்ல கச்சேரி வேண்டுமென்றால் அந்த 1972 ஒசாகா பதிவைக் கேட்டுவிட்டுப் போவேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த உடைசல்தான், ஒரு பெரிய குழு மேடையிலேயே எப்படிப் பிளக்கிறது என்று நல்ல பிரிண்டில் பார்க்க வேண்டும். துண்டு துண்டாக மங்கலாகப் பார்த்தது போதும் என்றுதான் ஒரிஜினல் டிஸ்க் தேடினேன்.

இனி அந்த ஆசாமி. பக்கத்தில் படம் போட்டிருந்தார்: 'ஒரிஜினல் இம்போர்ட், சீல் பிரிக்காதது, புக்லெட்டுடன், ஒரே ஒரு பிரதி'. நான் உடனே பணம் அனுப்பவில்லை. ஆளுக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போட்டேன், இது ஸ்டுட்கார்ட்டா பர்மிங்காமா என்று. இதே பெயரில் சிடியும் உண்டு, அது வேறு ஊர்ப் பதிவு என்பது பழைய ரசிகர்களுக்குத்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் வாய்ஸ் நோட் வருகிறது: "அண்ணா, சிடிதான் பெரும்பாலும் ஸ்டுட்கார்ட், அக்டோபர் 16. வீடியோ பர்மிங்காம். அதுல 'எனிஒன்ஸ் டாட்டர்' மட்டும்தான் சிடிக்கும் போச்சு. குழப்பிக்காதீங்க." பின்னால் மெதுவாக இவர்களுடைய 'லேஸி' பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சொன்னது அத்தனையும் சரி. இவ்வளவு விவரம் தெரிந்த ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனை ஏமாற்றுவானா என்று யாருக்குத்தான் தோன்றாது?

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டேன். 2007-ல் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்ட பதிவு அண்ணா, அதனால்தான் கிடைப்பதில்லை என்றார். அது இந்த வீடியோ இல்லை தம்பி, அதே பர்மிங்காம் கச்சேரியை சிடியாக மறுபடி போட்டார்கள், அதை வாங்காதீர்கள் என்று கில்லனே ரசிகர்களிடம் சொன்னார், அதைத்தான் வாபஸ் வாங்கினார்கள் என்று நான் சொன்னதும் சிரிப்பு பொம்மைகளைக் கொட்டி, "அண்ணாகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது" என்றார். எப்படிப்பட்ட பேச்சு பாருங்கள்! பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தவனையே குளிரவைத்து அனுப்பிவிட்டார். டிஸ்க் 4,500, கூரியர் 250. மொத்தம் 4,750 ரூபாய், யுபிஐயில் ஒரே தட்டில் போய்விட்டது. "வந்துடுச்சு அண்ணா, நாளைக்கே அனுப்பிடறேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி சத்தமா வெச்சுக் கேளுங்க" என்று வேறு.

நாளைக்கே எல்லாம் வரவில்லை. டிராக்கிங் நம்பர் கேட்டால் பதில் வராது, பக்கத்தில் மட்டும் தினமும் புதுப் புது ரெக்கார்டு படங்கள் ஏறிக்கொண்டிருக்கும். ஒருவழியாகப் பார்சல் வந்தது.

சீல் என்று சொன்னது சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக், பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அட்டை வீட்டு பிரிண்டரில் எடுத்தது, முதுகில் உள்ள எழுத்துகளில் மை கசிந்திருக்கிறது. புக்லெட் என்பது இரண்டாக மடித்த ஒற்றைத் தாள், ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது. கம்பெனியில் அச்சடித்த டிவிடி அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஐஎஃப்பிஐ என்று பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். இதில் அந்தக் குறியே இல்லை. கம்ப்யூட்டரில் எரித்த டிஸ்க், சந்தேகமே வேண்டாம். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் காற்றுக் குமிழ்கூட இருக்கிறது.

சரி, படமாவது ஓடுமா என்று போட்டேன். திரையின் அடியில் ஒரு பட்டை நடுங்கிக்கொண்டே இருக்கிறது, பழைய விஎச்எஸ் கேசட்டிலிருந்து காப்பி எடுத்தால் வருமே, அதே நடுக்கம். பழைய டிவி அளவில் எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள், பாஸ் கிடார் வாசிக்கும் ரோஜர் குளோவர் பக்கவாட்டில் பருத்து வேறு யாரோ மாதிரி இருக்கிறார். பிளாக்மோர் போடுவது கருப்பு உடை, வெளிச்சம் குறைந்தால் ஆளே சதுரம் சதுரமாகக் கரைந்து கிடாரின் வெள்ளை மட்டும் நகர்கிறது. ஜான் லார்ட் கீபோர்டில் பீத்தோவனை எடுத்து விளையாடும் இடத்தில் படம் இரண்டு தடவை நின்று, துள்ளி, பாதியைத் தாண்டிப் போய்விட்டது. எதற்காகக் காசு கொடுத்தேனோ அந்த இடம், தண்ணீர் வீசும் காட்சி, அங்கே திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள். விழுவது தண்ணீரா, தேய்ந்துபோன டேப்பின் இரைச்சலா என்றே தெரியவில்லை. பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், கோடுதான். 4,750 ரூபாய்க்குக் கோடு.

இதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். டிஸ்க், அட்டை, திரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுநாள் ஒரு வரி: "பிளேயர் லென்ஸ் க்ளீன் பண்ணிப் பாருங்க ப்ரோ." அதுவரை அண்ணாவாக இருந்தவன் ப்ரோ ஆகிவிட்டேன். வேறு டிஸ்க்குகள் இதே பிளேயரில் பளிச்சென்று ஓடும் வீடியோவை அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "முப்பது வருஷத்துக்கு முந்தின வீடியோ சார், ஃபோர்கே மாதிரியா இருக்கும்?" அடுத்தது இன்னும் மேலே: "கிடாரிஸ்ட் லேட்டா வர்றது ஒரிஜினல்லயே அப்படித்தான் சார், அது எங்க மிஸ்டேக் இல்ல."

கிடார்காரர் ஏன் தாமதமாக வந்தார் என்று நான் எங்கேயாவது கேட்டேனா? அன்றைக்கு அந்தக் குழு சொதப்பியது ஊருக்கே தெரிந்த சமாச்சாரம், அதை எடுத்துத் தன் திருட்டுக்குப் போர்வையாகப் போட்டுக்கொள்கிறான். மேடையில் நடந்தது பிளாக்மோர் பாடு, கில்லன் பாடு. மை கசிந்த அட்டையும் ஊதா டிஸ்க்கும் உன் பாடு. இதையே எழுதி அனுப்பினேன், மரியாதையாகத்தான்.

அதன்பிறகு ஆளே மாறி 'அட்மின்' என்று யாரோ பேசத் தொடங்கினார். "டியர் கஸ்டமர், அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் க்ளைம் ஏற்கப்படாது." வாங்கும்போது இப்படி ஒரு வார்த்தை கிடையாது, நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் அந்த விதி அதற்கப்புறம்தான் ஏறியது. பிறகு ரீஃபண்ட் தர மாட்டோம், வேண்டுமானால் 1,000 ரூபாய் கழிவில் வேறு டிவிடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவர்களிடமே இன்னொன்று! முடியாது, 4,750 ரூபாயும் திரும்ப வேண்டும் என்று அவர்கள் பக்கத்திலேயே கமெண்ட் போட்டேன். கமெண்ட் காணாமல் போனது, கொஞ்ச நேரத்தில் நானும் பிளாக்.

வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பியது, பொருளும் வந்திருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் பில் இருக்கிறதா, விற்றவர் முகவரி என்ன என்று கேட்டபோது என்னிடம் இரண்டும் இல்லை, பார்சலில் அனுப்புநர் இடத்தில் ஒரு பெயரும் போன் நம்பரும் மட்டும். புகார் பதிவாகியிருக்கிறது. என்ன ஆகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடுப்பு நம்ம ரசிகர் கூட்டம்தான். ஒரு குழுவில் இதைச் சொன்னேன், "அந்த வீடியோவே குப்பைதானே, போனா போகுது விடுங்க" என்று சிரிக்கிறார்கள். ஏன் விட வேண்டும்? கச்சேரி சுமார் என்றால் கள்ளக் காப்பி விற்கலாமா? அதே ஆள் நாளைக்கு ஒசாகா பதிவின் முதல் அச்சு என்று சொல்லி இதே குழுவில் ஒருத்தருக்கு எதையாவது தள்ளிவிடுவான், அன்றைக்கு இப்படிச் சிரிப்பார்களா பார்ப்போம்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. பணம் அனுப்புவதற்கு முன் டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும் நடு வளையத்தையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், சீல் பிரிக்காதது, காட்ட முடியாது என்றால் பில்லும் கடை முகவரியும் கேளுங்கள், இரண்டும் இல்லையா, விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். பேரம் பேசிய சாட்டை அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பாட்டைப் பற்றி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பணம் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

இன்னொன்று. வேறு நம்பரிலிருந்து பார்த்தேன், 'ஒரே ஒரு பிரதி' மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே படம், வலது மூலையில் அதே கட்டைவிரல், பின்னால் அதே பூப்போட்ட மேஜை விரிப்பு. விலை இப்போது 5,200, கூரியர் தனி.