ஏயூஜியா, எக்ஸ்95ஆ? இரண்டு புல்பப் துவக்குகளையும் வைத்திருந்தவனின் அனுபவம்

பென்சில்வேனியாவில் வேலை செய்த காலத்தில் என்னிடம் இரண்டு புல்பப் (கட்டையாகச் செய்த) துவக்குகள் இருந்தன. ஒன்று ஒஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி ஏ3 எம்1, மற்றது இஸ்ரேலின் ஐடபிள்யூஐ டவோர் எக்ஸ்95. மட்டக்களப்பில் கல்லடிக்குத் திரும்பி வருமுன் இரண்டையும் கைமாற்றிவிட்டேன். ஆனாலும் அமெரிக்காவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பொடியன்மார் இப்போதும் வட்ஸ்அப்பில் "அண்ணே, எதை வாங்குற?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலே சொல்கிறேன். ஒரே ஒரு துவக்குத்தான் வாங்கப் போகிறீர்கள், அதைக் கழற்றிப் பூட்டுவதில் பெரிய விருப்பம் இல்லை என்றால் எக்ஸ்95. நான் இன்னொரு தடவை வாங்குவதென்றால் ஏயூஜி.

மட்டக்களப்பில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் பொழுதுபோக்குக்கென்று இந்த இரண்டில் எதையும் வைத்திருக்க வழியில்லை. 1916இல் வந்த துப்பாக்கிச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து வருடா வருடம் புதுப்பிக்கிற பன்னிரண்டு 'போர்' (குழல் அளவு) துவக்குத்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சட்டபூர்வமான துவக்கு. அமெரிக்காவில் எனக்குக் கிறீன் காட் இருந்தது. கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகு கையில் தந்தார்கள். அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூ ஜேர்சியில் இருக்கிற தம்பிமார் என்னுடைய கதையை நம்பிக் கடைக்குப் போய்விட வேண்டாம்.

புல்பப் என்றால் ரிகருக்கு (விரலால் இழுக்கிற விசைக்கு) முன்னால் இருக்கவேண்டிய மகசினும் (ரவைப் பெட்டியும்) போல்ற்றும் (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற துண்டும்) ரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கிற பிடங்குக்குள்ளேயே இருக்கிற அமைப்பு. பரலின் (குழலின்) நீளம் குறையாது, துவக்கின் மொத்த நீளம்தான் குறையும். எங்கள் ஊரில் சோதனைச் சாவடிகளில் பார்த்துப் பழகின ரி-56 துவக்கு ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர். ஏயூஜி 71 அல்லது 72, எக்ஸ்95 66 சென்ரிமீற்றர்தான். ஆனால் எக்ஸ்95இன் பரல் பதினாறரை அங்குலம். அமெரிக்கச் சட்டத்தில் ரைபிளின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. எக்ஸ்95 அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டி நிற்கிறது: 26 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும்.

இரண்டும் வெறுமையாக மூன்றரைக் கிலோவை ஒட்டித்தான். தராசு சொல்வது வேறு, கை சொல்வது வேறு. பாரம் முழுக்கத் தோளோடு கிடப்பதால் முன்கை இலேசாக இருக்கும். மண்வெட்டியைத் தகட்டுப் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், விளங்கும். எழும்பி நின்று சுடும்போது இது பெரிய உதவி. ஆனால் மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுகிறவருக்கு இந்தக் கட்டை நீளத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் புல்பப் அல்லாத சாதாரண ரைபிளான ஏஆர்-15 வாங்கலாம். காசும் மிஞ்சும்.

வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற பெரியப்பாவிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். காவலுக்குத் துவக்கு வைத்திருந்தவர், பார்த்த உடனே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"இதென்ன மனே இவ்வளவு கட்டையா இரிக்கு? மகசின் கக்கத்துக்குள்ள நிக்கிது."

"எல்லாம் பிடங்குக்குள்ளதான் பெரியப்பா."

"அப்ப வெடிக்கிறது உன்ர கன்னத்துக்குக் கீழயா?"

ஓம், கன்னத்துக்குக் கீழேதான். கடைக்காரர் ஒருவரும் இதைச் சொல்லித் தருவதில்லை. சாதாரண ரைபிளில் ரவை வெடிக்கும் இடம் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கும். இங்கே கன்னம் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, காதோடு ஒட்டி. துவக்கு கட்டையானதால் பரல் வாயும் கிட்ட வந்துவிடுகிறது. கூரை போட்ட இடத்தில் சுட்டால் நுரை அடைப்பான் ஒன்றைக் காதுக்குள் வைத்து, அதற்கு மேல் காதுக் கவசமும் போடவேண்டும். ஒன்று போதும் என்று போனவர்களுக்கு இரவு முழுக்கக் காது இரையும். எக்ஸ்95இல் நீண்ட நேரம் சுட்டால் வாயுவின் மணம் மூக்கில் அடிக்கும், கண்ணும் கொஞ்சம் கரிக்கும். ஏயூஜியில் எனக்கு அது குறைவாக இருந்தது.

பெரியப்பாவின் அடுத்த கேள்வி யானையை மறிக்குமா என்பது. இந்தத் துவக்குகள் சுடுகிற சின்ன 5.56 ரவையால் யானையை மறிக்கப் போனால் யானைக்குக் கோபம் வருவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. "அப்ப என்ன மசிருக்கு இவ்வளவு காசு?" என்றுவிட்டு போனைத் திருப்பித் தந்தார். இரண்டுமே 2000 டொலரைச் சுற்றி நிற்கிற விலை என்று நான் சொல்லவில்லை.

இனி ரிகர். புல்பப்பின் பழைய வியாதி இது. விரல் இழுப்பது முன்னால், சுத்தியல் இருப்பது பின்னால், இடையில் நீளக் கம்பிகள். ஏயூஜியின் ரிகர் கனம், இழுவையும் சவசவவென்று இருக்கும். எந்த இடத்தில் விடும் என்று விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்குள் இருக்கிற சுத்தியல்கூட பிளாஸ்ரிக்தான். கழற்றிப் பார்க்கும்போது விளையாட்டுச் சாமான் என்றுதான் தோன்றும், ஆனால் 1977இல் ஒஸ்திரிய இராணுவம் எடுத்த காலத்திலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எக்ஸ்95இன் ரிகர் ஐந்து ஆறு இறாத்தல் இழுவை. கொஞ்சத் தூரம் வெறுமையாக வந்து, ஒரு சுவரில் முட்டி, விடும். புல்பப்புக்கு அது நல்ல ரிகர். போதாது என்றால் இரண்டு ஊசியைத் தட்டி ரிகர் பொதியை முழுதாக வெளியே எடுத்து, வேறு நிறுவனம் செய்த பொதியைப் போடலாம். நான் போடவில்லை. இருந்ததே போதுமாக இருந்தது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே பலர் எக்ஸ்95 எடுக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஏயூஜியின் ரிகருக்கு விரல் பழகிவிடுகிறது. கொஞ்சக் காலம் போனால் அது ஒரு குறையாகவே ஞாபகம் வராது. ஆனால் கையாலேயே பரலைக் கழற்ற விடுகிற ஏயூஜியின் பூட்டை எக்ஸ்95இல் எந்தக் காலத்திலும் சேர்க்க முடியாது.

அந்தப் பரலைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பதிவே தேவையில்லை. ஏற்றும் கைப்பிடியைப் பின்னால் இழுத்து மேல் பள்ளத்தில் மாட்டுங்கள். உள்ளே ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். முன்னால் மடிந்திருக்கிற பிடியைக் கீழே இறக்கி, உடலில் இருக்கிற பொத்தானை அமத்தி, பிடியோடு சேர்த்துப் பரலைத் திருப்பினால் அப்படியே கையோடு வரும். திருகுசாவி வேண்டாம், குறடு வேண்டாம். சுட்டுவிட்டு உடனே கழற்றினால் பரலைத் தொட முடியாது, அந்தப் பிடிதான் கையைக் காப்பாற்றும். கழற்றின பரலை மேசையில் வைத்து, ரவை நுழைகிற பக்கத்தாலேயே கம்பி விட்டுத் துடைக்கலாம். அழுக்குத் துணி வாய்ப் பக்கத்தால் வெளியே விழும், துவக்கின் உடலுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் போகாது. பரலோடு சேர்ந்தே இருக்கிற சின்ன வாயுப் பிஸ்ரன், கரி படிந்து கறுப்பாக வரும். எண்ணெய்த் துணியால் இரண்டு உரசு உரசினால் வெள்ளி மாதிரி ஆகும். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து செய்கிற வேலை அது. சுடுவதைவிட எனக்கு அதில்தான் விருப்பம் கூட என்று மனைவி சொல்வா.

பரல் கழன்றால் முழுத் துவக்கும் சாதாரண முதுகுப் பைக்குள் அடங்கும். அடுக்குமாடி வீட்டில் இருந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. துவக்குப் பெட்டியோடு மின்தூக்கியில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும். எங்களுடைய நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் மாறும்.

எக்ஸ்95ஐக் கழற்றுவதும் இலேசுதான். பின்பக்க ஊசியைத் தள்ளினால் பிடங்கின் அடித்தட்டு திறக்கும், நீளமான பிஸ்ரனோடு சேர்ந்து போல்ற் முழுதாகப் பின்னால் வழுக்கி வரும். பரல் மட்டும் திருகுசாவி இல்லாமல் வராது. அது குரோம் பூசின பரல் என்பதால் கவலையும் குறைவு. சோம்பேறிக்கு ஏற்ற துவக்கு என்று நான் சொன்னால் குறையாக எடுக்க வேண்டாம்.

குறி பிசகாமை பற்றிக் கேட்பவர்களுக்கு: கடையில் பெட்டியாக விற்கிற மலிவு ரவையோடு 100 யார் தூரத்தில் இரண்டும் இரண்டு மூன்று அங்குல வட்டத்துக்குள் போடும். வித்தியாசம் தெரிவது ரவையின் பாரத்தில். ஏயூஜியின் பரலுக்குள் இருக்கிற முறுக்கு (ரவையைச் சுழற்றுகிற வரிப்பள்ளம்) ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று, எக்ஸ்95இல் ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55, 62 கிரெய்ன் (ரவையின் பாரத்தை அளக்கிற அலகு) ரவைகளை இரண்டும் நன்றாகவே சுடும். 77 கிரெய்ன் போன்ற பாரமான ரவையோடு தூரத்துக்குச் சுட நினைத்தால் எக்ஸ்95தான். இன்னொன்று: இரண்டிலும் குறிக்கருவி பரலுக்கு மேல் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் உயர்ந்து நிற்கும். அதனால் மிகக் கிட்டச் சுட்டால் ரவை நீங்கள் பார்த்த இடத்துக்குக் கீழேதான் படும். புதுசாக வந்தவர்கள் துவக்கில் பிழை என்று நினைத்துத் திருகாணியைத் திருக வெளிக்கிடுவார்கள்.

மகசினில் எக்ஸ்95 தெளிவாக வெல்கிறது. ஏஆர் மகசின் எல்லாம் பொருந்தும், மலிவு, எங்கும் கிடைக்கும். விடுவிக்கிற பொத்தானும் சுட்டுவிரல் எட்டுகிற இடத்தில். ஏயூஜிக்குச் சொந்த மகசின். உள்ளே எத்தனை ரவை மிச்சம் என்று கண்ணாடி போலத் தெரிகிற அந்த மகசின் அழகுதான், ஆனால் விலை கூட. ஏஆர் மகசின் போடுகிற நேட்டோ பிடங்கும் ஏயூஜிக்கு இருக்கிறது, ஆனால் அது வலக்கைக்காரருக்கு மட்டும். எத்தனை ரவை கொள்ளும் என்பதை வைத்துச் சண்டை பிடிப்பவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய ஒன்று: நான் போன பென்சில்வேனியா வேட்டைத் திணைக்களத்தின் பொதுச் சுடுதளத்தில் ரைபிளுக்கு ஒரு தடவையில் ஆறு ரவைக்கு மேல் போடக்கூடாது. முப்பது ரவை மகசின் அங்கே வெறும் அலங்காரம்.

வலக்கை, இடக்கைப் பிரச்சினை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மச்சான் இடக்கைக்காரர். வலக்கைக்கு அமைத்த புல்பப்பை இடத் தோளில் வைத்தால் வெறும் கோது சுடச்சுட நேரே முகத்துக்கு வரும். இரண்டு துவக்கிலும் இடக்கைப் போல்ற் வாங்கி மாற்றினால் கோது மறுபக்கத்தால் போகும், ஆனால் அந்தப் போல்ற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். ஒரே துவக்கை இரண்டு பேர் மாறி மாறிச் சுட நினைத்தால் புல்பப் சரிவராது. நாங்கள் ஏயூஜியை அவருக்கென்று இடக்கைக்கு மாற்றி, எக்ஸ்95ஐ எனக்கு வைத்துக்கொண்ட ஒரு கோடை காலம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் எனக்கு எது பிடித்தது என்று தெரிந்தது. எக்ஸ்95இல் நன்றாகச் சுட்டேன், ஆனால் கண் பக்கத்து மேசையில்தான் இருந்தது.

டவோர் இஸ்ரேல் தயாரிப்பு என்பதாலேயே வேண்டாம் என்பவர்கள் உண்டு. காத்தான்குடி நண்பர் ஒருவர் படத்தைப் பார்க்கவே மறுத்தார். நான் வாங்கினது ஹாரிஸ்பேர்க் பக்கம் இருந்த அவர்களின் அமெரிக்கக் கிளை செய்தது, அதுவும் அவருக்கு ஒரு சமாதானம் இல்லை. அவருடைய காரணத்தோடு எனக்கு வாதம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. துவக்கின் தரம் வேறு விஷயம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புல்பப்பின் காலம் போய்விட்டது என்றும் சொல்கிறார்கள். பிரான்ஸ் தன் ஃபமாஸை விட்டு ஜெர்மன் எச்கே416க்குப் போனது, நியூசிலாந்தும் ஏயூஜியைக் கைவிட்டது. இராணுவங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். சனிக்கிழமை கடதாசிக்கு ஓட்டை போடுகிறவனுக்கு அந்தக் காரணங்களில் ஒன்றும் பொருந்தாது.

திரும்பி வரும்போது எக்ஸ்95ஐ உரிமம் பெற்ற கடை மூலம் விற்றேன், உடனே போய்விட்டது. ஏயூஜியையும் அதே கடையில் பதிந்து மச்சானுக்குக் கொடுத்தேன். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் துவக்கு வாங்குகிற அன்றே இடக்கைப் போல்ற் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால் "இருப்பில் இல்லை" என்ற பதில்தான் வரும். மச்சான் அதற்காக ஒரு மாரிகாலம் முழுக்கக் காத்திருந்தவர்.