டிவி பாட்டுப் போட்டியா, சாமராஜ்பேட்டை பந்தலா?

ராமநவமி வந்தால் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இதே வழக்குதான். அம்மாவுக்கு வார இறுதிப் பாட்டுப் போட்டி, எந்த சேனலானாலும் சரி. எனக்கு சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரி.

வயது: சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியது. அந்தக் கச்சேரிகளை நடத்தும் ராமசேவா மண்டலியின் பந்தல் 1939 முதல்.

செலவு: டிவிக்கு மாதக் கேபிள் பணத்தோடு சரி. பந்தலுக்கு டிக்கெட், ஆட்டோ, அப்புறம் காபி.

பாட்டு: இங்கேதான் எனக்கு டிவி மேல் கோபம். ஒரு பெண் ஒரு வரியை மெருகேற்றி மாற்றிப் பாடி அழகான சங்கதி ஒன்றைப் போடுகிறாள். கேமராவோ நடுவரின் ஈரக் கண்ணுக்குப் போய்விடுகிறது. பாட்டு முடிந்ததும் அவள் அப்பாவின் கடன், சோக வயலின், விளம்பரம். பந்தலில் ஒரே ராகத்தை அரை மணி நேரம் இழைப்பார்கள். நடுவே தெருவிலிருந்து ஹாரன் சத்தம் வரும், ஆனால் யாரும் வெட்டமாட்டார்கள்.

பரபரப்பு: சந்தேகமில்லாமல் டிவி. யார் வெளியே போகிறார் என்று தெரியும்வரை அம்மா அடுப்பையே அணைத்துவிடுவார். போன மாதம் ஒரு பத்து வயதுப் பையன் தோற்று அழுதபோது, பார்க்கப் பிடிக்காமல் சேனலை மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்ததும் நான்தான்.

வீட்டுக் குழந்தைக்குப் பாட்டில் ஆசை வரவேண்டுமா, டிவி போதும். முழுப் பாட்டு வேண்டுமென்றால் பந்தல். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போவதானால் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் ஓரத்து நாற்காலியாகப் பிடித்துவிடுங்கள்.